சீசனுக்கு நாலு புளியமுத்து

செத்தாலும் கோவில்பட்டியை விட்டுக் குடிபோவதில்லை என்று பூவனலிங்கம் தீர்மானித்தபோது, அவர் வாயில் பாதிப் போளியும் கையில் இரண்டு ஜோக்கரும் இருந்தன. அப்படி ஒரு நேரத்தில் எடுக்கிற தீர்மானம் உறுதியாகத்தான் இருக்கும். ரயில் கடம்பூரைத் தாண்டி, திருநெல்வேலிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது என்ற தெம்பில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஜன்னலுக்கு உள்ளே பூவனலிங்கம் காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"இறக்கும் தம்பி. எவ்வளவு நேரம் சீட்டையே பாத்துக்கிட்டு இருப்பீரு?" என்றார் எதிரே இருந்த கொம்பையா.

"மனசு சரியில்ல அண்ணாச்சி. வீட்டுக்காரி குடிபோயிருவோம்னு ஒத்தக்கால்ல நிக்கா."

கொம்பையா கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். சுற்றியிருந்த நாலு பேரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஆனார்கள். அந்தப் பெட்டியில் அதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது.

விஷயம் இதுதான். பூவனலிங்கத்துக்கு ஒரு விதைக் கம்பெனி குடோனில் கணக்கர் வேலை. போன வருஷம்வரை குடோன் கோவில்பட்டியிலேயே இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் திரும்பப் போவார். கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. குடோனைத் திருநெல்வேலிக்குக் கொண்டு போய்விட்டார்கள். பூவனலிங்கம் சீசன் டிக்கெட் எடுத்தார்.

முதல் வாரம் நிஜமாகவே பாடுதான். கதவோரத்தில், யாருடைய கால் எது என்று தெரியாத நெரிசலில் நின்றுகொண்டே போனார், நின்றுகொண்டே வந்தார். சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து அப்படியே சரிந்தார். கற்பகம் பதறிப்போனாள். வெந்நீர் வைத்துக் கால் இரண்டையும் அதில் இறக்கினாள். தைலம் தேய்த்தாள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு அவித்த முட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப். ஸ்டேஷனுக்குப் போக வர ஷேர் ஆட்டோ. எல்லாவற்றுக்கும் மேலே, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற வேலையிலிருந்து பூரண விடுதலை. கோவில்பட்டியில் தண்ணீர் பிடிக்காமல் இருக்கிற புருஷன் கிட்டத்தட்ட ஒரு மகாராஜா.

இரண்டாவது வாரம் கொம்பையா கண்ணில் பட்டார். அவருக்கு நெல்லையில் ஒரு லாரி ஆபீசில் வேலை. பூவனலிங்கத்தின் வீட்டுக்குப் பின்தெருதான். சீசன் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கூட்டத்தில் சங்கிலிப்பாண்டி என்று ஒருவர் சாத்தூரிலேயே ஏறி, ஆளுக்கு ஒரு துண்டை சீட்டில் விரித்து இடம் பிடித்து வைத்துவிடுவார். கோவில்பட்டிக்காரர்கள் ஏறினதும் அவரவர் துண்டில் அவரவர் உட்கார வேண்டியது. மடியில் ஒரு பையை வைத்தால் ரம்மி மேசை தயார். காசு வைத்து ஆடுவதில்லை. தோற்றவர் கடம்பூரில் போளி வாங்க வேண்டும். சாயங்காலமும் இதே கச்சேரி. பூவனலிங்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரமே கொடுத்துவிட்டார்கள்.

இந்த நல்ல செய்தியை வீட்டில் சொல்ல அவர் மறந்துவிட்டார். மறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மனுஷனுக்கு வேலைப்பளு அப்படி.

தினமும் சாயங்காலம் தெருமுனைவரை நிமிர்ந்து வருவார். ஆட்டோவை விட்டு இறங்கினதும் வலது கால் நொண்ட ஆரம்பிக்கும். சில நாள் ஞாபகப்பிசகாக இடது கால் நொண்டும். கற்பகம் கால்களுக்குள் பாகுபாடு பார்க்காமல் இரண்டுக்கும் தைலம் தேய்த்தாள். ஒரே ஒரு தடவை, துணி துவைக்கும்போது கேட்டாள்.

"என்னங்க, நின்னுக்கிட்டே வருதீங்க. சட்டை முதுகுப் பக்கம் மட்டும் இப்படிக் கசங்கிக் கெடக்கு?"

"பின்னால நிக்கவன் சாஞ்சுக்கிட்டே வருதாம்ட்டி. சொன்னாக் கேக்க மாட்டேங்கான்."

"பாவம் நீங்க," என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தாள். அடி கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. பூவனலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. முட்டை அவிந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பங்குனி வெயில் தொடங்கின ஒரு சாயங்காலம், கால் வெந்நீரில் இருக்கிற நேரம் பார்த்துக் கற்பகம் சொன்னாள்.

"நாம பாளையங்கோட்டைக்கே குடிபோயிருவோம்."

பூவனலிங்கத்துக்கு வெந்நீர் சட்டென்று குளிர்ந்த மாதிரி இருந்தது.

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க படுத பாட்டை இனிமே என்னால பாக்க முடியாதுங்க. தெனமும் நொண்டி நொண்டி வருதீங்க. நெஞ்சு பதறுது. வீடுகூடப் பாத்துட்டேன். மாடி வீடு. குழாயைத் தொறந்தா தாமிரவரணி கொட்டும். உங்க குடோனுக்கு நடந்தே போயிரலாம். இனிமே உங்களுக்கு ரயிலே கிடையாது!"

ஏதோ லாட்டரி விழுந்த செய்தி மாதிரி முகமெல்லாம் மலரச் சொன்னாள்.

"மாடி வீட்டுல ஆட்டை எங்க கட்டுவ?" கொல்லையில் கற்பகம் ஆசையாக வளர்க்கிற வெள்ளாடுகள் நின்றன. இந்த ஆயுதம் தப்பாது என்று நினைத்துத்தான் எடுத்தார்.

"வித்துருவோம்."

"விக்கவா?"

"உங்க காலை விட எனக்கு ஆடா பெருசு?"

இந்த இடத்தில் பூவனலிங்கத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆட்டை ஒரு தடவை 'சனியனே' என்று வைததற்கு அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் கற்பகம். ஆனால் அவர் அப்போது இருந்த கலக்கத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. வசமாக மாட்டிக்கொண்டதுதான் தெரிந்தது. ரயிலில் கஷ்டம் என்று சொன்னால் ரயில் போய்விடும். ரயிலில் சுகம் என்று சொன்னால் ஒரு வருஷத்துத் தைலம் கணக்குக் கேட்கும்.

இதைத்தான் மறுநாள் காலை ரயிலில், போளியை முழுங்க முடியாமல், கொம்பையாவிடம் சொன்னார். கொம்பையா தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் காட்டையே பார்த்தார்.

"கணக்குப் போடும் தம்பி."

"கணக்கா?"

"சீசன் எவ்வளவு, வாடகை எவ்வளவு. எங்கன இருந்தா லாபம்? கணக்குன்னு வந்துட்டா யாரும் எதுத்துப் பேச முடியாது. நிச்சயம் ஜெயிச்சுருவீரு."

பூவனலிங்கம் தொடையில் தட்டிக்கொண்டார். கணக்கு! அவர் தொழிலே அதுதானே! ஊரில் உள்ள மக்காச்சோள விதைக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறவர், இரண்டு ஊர் வாடகைக்குக் கணக்குப் போட மாட்டாரா? தெம்பாக இரண்டாவது போளியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கற்பகம் நடு வீட்டில் சாக்கை விரித்து, புளியை உடைத்து முத்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளியங்கொட்டை முத்து முத்தாகக் குவிந்து கிடந்தது. பூவனலிங்கம் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"ஏட்டி கற்பகம், குடிபோறதுன்னா சும்மா நெனச்ச உடனே போயிரக் கூடாது. கணக்குப் பாக்கணும்."

"பாருங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"எந்த ஊர்ல செலவு கொறச்சலோ அந்த ஊர்லதான் இருக்கணும்."

"ஆமா."

"பொறவு பேச்சு மாறக் கூடாது."

"நான் எதுக்கு மாறுதேன்? கணக்கரு நீங்க. நான் புளி உடைக்கவ."

இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு கை முத்தை அள்ளினார்.

"ஒரு முத்து நூறு ரூவா. பாளையங்கோட்டையில வாடகை இங்கனய விட எவ்வளவு கூட?"

"ஆயிரம்தாங்க. வீட்டுக்காரரு நல்ல மாதிரி."

பத்து முத்தை எண்ணி வலப்பக்கம் வைத்தார். "இது நெல்லை. இப்ப கோவில்பட்டிக்கு வா. இங்கனயே இருந்தா கூடுதல் செலவு என்ன? சீசன் ஒண்ணுதான். நாலு முத்து வச்சா அதுவே சாஸ்தி." நாலை இடப்பக்கம் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். "பாத்துக்கோ. பத்து அங்க. நாலு இங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

கற்பகம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏயப்பா! எவ்வளவு வித்தியாசம்!" என்றாள். பூவனலிங்கம் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"ஆனா," என்றாள் கற்பகம், "சீசன்னா அந்த டிக்கெட்டு மட்டும்தானா?"

"வேற என்ன?"

"நின்னுக்கிட்டே வந்த காலோட நடக்க முடியாதுன்னுதான ஆட்டோல போயிட்டு வருதீங்க? அது சீசன் செலவுதான? பத்து." எண்ணாமலே சரியாகப் பத்து முத்தை இடப்பக்கம் போட்டாள். "தைலம் ரெண்டு. முட்டை மூணு. சூப்பு ஆறு."

"சூப்பு ஆறா?"

"ஆட்டுக்கால் என்ன வெல விக்குதுன்னு தெரியுமா? உங்களுக்குக் குடிக்கத்தான தெரியும். அப்புறம் தண்ணி."

"தண்ணிக்கும் சீசனுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"நீங்க திடமா இருந்தா தெருக்குழாயில பிடிச்சுருவீங்க. முதுகு போச்சுன்னுதான வண்டித் தண்ணியைக் குடம் குடமா வெலைக்கு வாங்குதோம்? எட்டு முத்து."

கோவில்பட்டி ஒரு சின்ன மலை மாதிரி உயர்ந்துவிட்டது. நெல்லை அதன் அடிவாரத்தில் பாவமாகக் கிடந்தது. பூவனலிங்கம் மனசுக்குள் கூட்டினார். முப்பத்து மூன்று. திருப்பிக் கூட்டினார். அப்போதும் முப்பத்து மூன்றுதான்.

கற்பகம் பெருமூச்சு விட்டாள். "எனக்கும் மனசில்லதாங்க. ஆனா கணக்கு சொல்லுதே, என்ன செய்ய? நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துருவோம்."

அவருக்குக் கண் முன்னால் ரயில் பெட்டி தெரிந்தது. யாரோ ஒருத்தன் அவருடைய ஜன்னலோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அவருடைய ஜோக்கரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய போளியைத் தின்கிறான். இத்தனை வயசுக்கு மேல் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. அதை விட முடியாது.

"பொறு, பொறு. இந்த சூப்பு எதுக்கு? கொழுப்பு. இனிமே வேண்டாம்." ஆறு முத்தை எடுத்தார்.

"உங்க முழங்கால்?"

"முழங்கால் சரியாயிட்டு."

"எப்ப?"

"ரெண்டு நாளா."

"நேத்துகூட நொண்டிக்கிட்டுத்தான வந்தீங்க?"

"அது செருப்பு கடிச்சுது."

கற்பகம் அந்த ஆறு முத்தையும் அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப மலையில் வைத்தாள். "நீங்க என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுதீங்க. நம்ப மாட்டேன். உக்காந்து எந்திச்சுக் காட்டுங்க பாப்போம்."

பூவனலிங்கம் எழுந்தார். உட்கார்ந்து எழுந்தார். இன்னொரு தரம் உட்கார்ந்து எழுந்தார். கொல்லை வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

"இன்னும் ரெண்டு போடுங்க. முழுசா நம்பிக்கை வரல."

போட்டார். பிள்ளையாருக்குக்கூட இவ்வளவு பக்தியாகப் போட்டதில்லை. சூப்பு போயிற்று. உடம்பு தேறிவிட்டது என்று ஆனபிறகு தைலத்துக்கு வேலை இல்லை, அதுவும் போயிற்று.

"முட்டையை எடுக்க விட மாட்டேன்," என்றாள் கற்பகம் பிடிவாதமாக. "அவ்வளவு தூரம் நின்னுக்கிட்டே வாற ஒடம்பு."

"இப்பல்லாம்..." பூவனலிங்கம் ஒரு முத்தை விரலால் உருட்டினார். "இப்பல்லாம் உக்கார எடம் கெடைக்குதுட்டி."

"கெடைக்குதா?"

"அப்பப்ப."

"அப்பப்பன்னா?"

"அனேகமா... தெனமும்."

கற்பகம் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தாள். "செண்பகவல்லித் தாயே, கண்ணைத் தொறந்துட்டியே! உக்காந்துக்கிட்டு வாற ஆளுக்கு எதுக்குங்க முட்டை?" தானே மூன்று முத்தை எடுத்துவிட்டாள். ஆட்டோவை எடுக்க அவளுக்கு அவர் உத்தரவுகூட வேண்டியிருக்கவில்லை. "கால் நல்லா இருக்கவியளுக்கு ஸ்டேஷன் என்ன தூரமா?" என்று பத்தையும் ஒரே அள்ளில் அள்ளினாள்.

இப்போது இடப்பக்கம் பன்னிரண்டு. வலப்பக்கம் பத்து. கோவில்பட்டி இன்னும் இரண்டு முத்து கனத்தது.

பூவனலிங்கம் தொழில் நுணுக்கத்தை எல்லாம் திரட்டினார். "மாசா மாசம் எடுக்காம மூணு மாசச் சீசனா எடுத்துட்டா கொறையும். மாசத்துக்கு அரை முத்து லாபம்."

"எடுத்துக்கோங்க," என்று கற்பகம் ஒரு முத்தைக் கல்லில் வைத்துத் தட்டி, பாதியை மட்டும் திருப்பி வைத்தாள். நியாயஸ்தி.

பதினொன்றரை. இன்னும் ஒன்றரை முத்து. சீசனில் இனிமேல் குறைக்க ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது தண்ணீர் மட்டும்தான். கற்பகம் அந்த எட்டு முத்தைப் பார்க்கவே இல்லை. புளியை உடைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

"ஒண்ணரை முத்துல தட்டுதே," என்றாள் கடைசியில். "எவ்வளவோ முயற்சி பண்ணிட்டீங்க. போதும். மாடி வீட்டுக்காரருக்குப் போனைப் போடட்டுமா?"

"தண்ணியை நான் பிடிக்கேன்," என்றார் பூவனலிங்கம்.

"என்னது?"

"தண்ணி... நான் பிடிக்கேன்னேன்."

"ஆடு கத்துதுல்லா, காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க."

"தண்ணியை நானே பிடிக்கேன்!"

பின்தெருவரை கேட்டிருக்கும். கற்பகம் எட்டு முத்தையும் நிதானமாக எடுத்துக் குவியலில் போட்டாள். இடப்பக்கம் மூன்றரை முத்து. சுத்தமான சீசன், வேறு கலப்படம் இல்லை. வலப்பக்கம் பத்து.

பூவனலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. "பாத்தியா? கோவில்பட்டிதான் லாபம். நான் மொதல்லயே சொன்னேன். கணக்குன்னா கணக்கு!"

"உங்க மூளை யாருக்குங்க வரும்?" என்றாள் கற்பகம். அவள் முகத்திலும் ஒரு குறையும் இல்லை. "நாளைக்குக் காலையில நம்ம தெருவுக்கும் பின்தெருவுக்கும் தண்ணி முறை. குடத்தையெல்லாம் வெளக்கிக் கவுத்தி வச்சிருக்கேன்."

ராத்திரி முட்டை இல்லாமல் சாப்பிட்டாலும் பூவனலிங்கம் நன்றாகத் தூங்கினார். ஜெயித்தவன் தூக்கம். காலையில் கையில் இரண்டு இரண்டாக நாலு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலும் நொண்டாமல், தெருக்குழாய்க்குப் போனார். சூப்பு போனால் என்ன, தைலம் போனால் என்ன? ஜன்னலோரம் இருக்கிறது. துண்டு இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கடம்பூர் வந்துவிடும். யோசித்துப் பார்த்தால் இவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து இவ்வளவு மலிவாக எவன் தப்பித்திருக்கிறான்? மனசு லேசாகத்தான் இருந்தது.

குழாயடியில் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. எல்லாருக்கும் முன்னால், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, குடத்தில் விழுகிற தண்ணீரையே உற்றுப் பார்த்தபடி ஓர் ஆள் குந்தியிருந்தார். பூவனலிங்கத்துக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கொம்பையா.

"அண்ணாச்சி! நீங்க சொன்ன மாதிரியே கணக்குப் போட்டேன்," என்று அங்கிருந்தே சந்தோஷமாகக் கூவினார். "பாளையங்கோட்டையில மாடி வீடு, குழாயைத் தொறந்தா தாமிரவரணின்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தா. நான் விடல. ஒவ்வொண்ணா கழிச்சு, கடைசியில ஜெயிச்சுட்டேன்!"

கொம்பையா பூவனலிங்கத்தின் கையிலிருந்த நாலு குடத்தையும் ஒரு தடவை பார்த்தார். நிரம்பின குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்து அசையாமல் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரி சொன்னதும் அதே மாடி வீடுதான். நான் போன வாரமே ஜெயிச்சுட்டேன் தம்பி."